யாரிடம் கேட்பது? கிளாஸ் மெத்தடும் இன்ஸ்டன்ஸ் மெத்தடும் குழம்பிய வரலாறு

ஜாவா படிக்க ஆரம்பிக்கும் மாணவர்கள் அநேகமாக முதல் மாதத்திலேயே ஒரு பிழைச் செய்தியைச் சந்தித்துவிடுகிறார்கள். ஸ்டாட்டிக் இடத்திலிருந்து ஸ்டாட்டிக் அல்லாத மெத்தடைக் கூப்பிட முடியாது என்று கம்பைலர் கறாராகச் சொல்லிவிடும். உடனே பலர் செய்வது என்ன? அந்த மெத்தடுக்கு முன்னாலும் ஸ்டாட்டிக் என்ற சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். பிழை போய்விடும். அடுத்து ஒரு மாறியில் அதே பிழை வரும். அதற்கும் ஒரு ஸ்டாட்டிக். கடைசியில் நிரல் முழுக்க ஸ்டாட்டிக் மயமாகி, ஆப்ஜெக்ட் என்று ஒன்றுகூட இல்லாத "ஆப்ஜெக்ட் ஓரியண்டட்" நிரல் கையில் இருக்கும்!

இதைப் பார்த்து "அடிப்படையே புரியவில்லை" என்று மாணவர்களைக் கடிந்துகொள்வதுதான் வழக்கம். ஆனால் கணினி மொழிகளின் வரலாற்றைப் புரட்டினால் வேறு ஒரு படம் தெரிகிறது. இந்தக் குழப்பம் மாணவர்களிடம் தொடங்கியதல்ல. மொழிகளை உருவாக்கிய மேதைகளே இருபது ஆண்டுகளுக்கு மேல் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகளில் சில, பழைய குழப்பத்தைத் தீர்த்துப் புதிய குழப்பத்தைக் கொண்டுவந்தன.

வங்கியும் பாஸ்புக்கும்

முதலில் வித்தியாசம் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கு என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். திட்டம் என்பது கிளாஸ். ஒவ்வொருவரின் கணக்கும் அதன் இன்ஸ்டன்ஸ், அதாவது ஓர் ஆப்ஜெக்ட்.

"இருப்பு எவ்வளவு?" என்ற கேள்வியைத் திட்டத்திடம் கேட்க முடியாது. யாருடைய இருப்பு என்ற கேள்வி உடனே வரும். ஒரு குறிப்பிட்ட கணக்கிடம்தான் அதைக் கேட்க வேண்டும். இது இன்ஸ்டன்ஸ் மெத்தட். "இந்தத் திட்டத்தில் மொத்தம் எத்தனை கணக்குகள்?" என்ற கேள்விக்கோ எந்த பாஸ்புக்கிலும் விடை கிடையாது. அதைத் திட்டத்திடம்தான் கேட்க வேண்டும். இது கிளாஸ் மெத்தட்.

மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. "புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கு." இதை யாரிடம் சொல்வது? இன்னும் பிறக்காத கணக்கிடம் போய் "நீ பிறந்துகொள்" என்று சொல்ல முடியாதே! வரலாற்றில் நடந்த சண்டையெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியிலிருந்துதான் கிளம்பியது.

ஓஸ்லோவில் பிறந்த கிளாஸ்

கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற கருத்துக்களை நிரலாக்கத்திற்குக் கொண்டுவந்தவர்கள் நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர். ஓஸ்லோவில் இருந்த நார்வே கணினி மையத்தில் அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழி 1967-இல் அறிமுகமானது. பெயரே சொல்வதுபோல, அவர்களுடைய நோக்கம் நிஜ உலகைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள், தொழிற்சாலை வழியே நகரும் பொருட்கள் போன்றவைதான் அவர்களுடைய ஆப்ஜெக்ட்கள்.

சிமுலாவில் கிளாஸ் என்பது ஒரு வரைபடம் மட்டுமே. நியூ என்ற சொல்லைப் போட்டால் மொழியே ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கிக் கொடுத்துவிடும். கிளாஸிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே கிளாஸ் மெத்தட் என்ற பேச்சும் இல்லை, குழப்பமும் இல்லை. டால், நிகார்ட் இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002-இல் ஒருவர் பின் ஒருவராக சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள்.

வரைபடத்துக்கு உயிர் வந்தது

அடுத்த கட்டம் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. ஆலன் கேயும் அவருடைய குழுவினரும் ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கினார்கள். அதன் முதல் வடிவத்தை 1972-இல் டான் இங்கால்ஸ் நிரலாக எழுதிக் காட்டினார். குழந்தைகளும் பயன்படுத்தக்கூடிய கணினி வேண்டும் என்பது ஆலன் கேயின் கனவு. எல்லாமே ஆப்ஜெக்ட், எல்லா வேலையும் ஆப்ஜெக்ட்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்திகளால் நடக்கும் என்பது அதன் தத்துவம்.

எல்லாமே ஆப்ஜெக்ட் என்றால் கிளாஸ் மட்டும் என்ன விதிவிலக்கா? ஸ்மால்டாக் 76-இல் கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட் ஆனது. வணிகவியல் படித்தவர்களுக்கு இங்கே சாலமன் வழக்கு நினைவுக்கு வரலாம். கம்பெனி வேறு, அதன் பங்குதாரர்கள் வேறு, கம்பெனி என்பதே சட்டத்தின் பார்வையில் தனி நபர் என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு அது. அதுபோல கிளாஸும் தன் இன்ஸ்டன்ஸ்களிலிருந்து வேறான, தனியாகக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு நபர் ஆகிவிட்டது. "புதிய கணக்கைத் தொடங்கு" என்ற செய்தியை யாருக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. கிளாஸுக்கு அனுப்பலாம்!

ஆனால் ஒரு சிக்கல். ஸ்மால்டாக் 76-இல் எல்லா கிளாஸ்களும் கிளாஸ் என்ற ஒரே பொது கிளாஸின் இன்ஸ்டன்ஸ்கள். ஆகவே எல்லா கிளாஸ்களும் ஒரே மாதிரியான செய்திகளைத்தான் புரிந்துகொள்ளும். சேமிப்புக் கணக்கை இருப்பு பூஜ்யம் என்று வைத்துத் தொடங்க வேண்டும், கடன் கணக்கை வேறு விதமாகத் தொடங்க வேண்டும் என்றால் வழியில்லை. எல்லாமே வெறுமையாகத்தான் பிறக்கும். பிறந்த பிறகு மறக்காமல் மதிப்புகளை நிரப்ப வேண்டும். மறந்தால் பிழை.

இதைத் தீர்க்க ஸ்மால்டாக் 80-இல் ஒவ்வொரு கிளாஸுக்கும் அதற்கே உரிய ஒரு மெட்டாகிளாஸைக் கொடுத்தார்கள். கணக்கு என்ன செய்யும் என்பதை கிளாஸ் சொல்லும். கிளாஸ் என்ன செய்யும் என்பதை மெட்டாகிளாஸ் சொல்லும். சரி, மெட்டாகிளாஸ் யாருடைய இன்ஸ்டன்ஸ்? மெட்டாகிளாஸ் என்ற பெயருடைய ஒரு கிளாஸின் இன்ஸ்டன்ஸ். அதற்கும் ஒரு மெட்டாகிளாஸ் உண்டு. அந்த மெட்டாகிளாஸ் யாருடைய இன்ஸ்டன்ஸ் என்று கேட்டால், மறுபடியும் அதே மெட்டாகிளாஸின் இன்ஸ்டன்ஸ்தான்! தலை சுற்றுகிறதா? அன்றைக்கு இதைப் படித்தவர்களுக்கும் அப்படித்தான் சுற்றியது.

திரையில் ஒரு பொத்தான்

ஸ்மால்டாக் 80-இல் நிரல் எழுதும் ஜன்னலில் இன்ஸ்டன்ஸ், கிளாஸ் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. இன்ஸ்டன்ஸ் பக்கம் இருந்துகொண்டு எழுதினால் அது இன்ஸ்டன்ஸ் மெத்தட். கிளாஸ் பக்கம் எழுதினால் கிளாஸ் மெத்தட். எழுதும் எழுத்துக்களில் எந்த வித்தியாசமும் கிடையாது. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் எழுதினால், மெத்தட் தவறான பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடவிட்டால், இந்தச் செய்தி புரியவில்லை என்று ஆப்ஜெக்ட் கைவிரிக்கும். மெத்தடோ கண் முன்னாலேயே திரையில் இருக்கும்!

குழந்தைகளுக்காகத் தொடங்கிய மொழியைப் பெரியவர்களே கற்கச் சிரமப்பட்டார்கள். ஆலன் போர்னிங், டிம் ஓஷே என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்மால்டாக் படித்தவர்களிடமும் கற்பித்தவர்களிடமும் எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டறிந்தார்கள். முதன்மையான தடையாக வந்து நின்றது மெட்டாகிளாஸ்தான். 1987-இல் டெல்டாடாக் என்ற பெயரில் அவர்கள் முன்வைத்த எளிய வடிவத்தில் மெட்டாகிளாஸ்களையே தூக்கிவிடலாம் என்றார்கள். "மாணவர்களுக்குப் புரியவில்லை" என்பதை மாணவர்களின் குறையாகப் பார்க்காமல், மொழியின் குறையாகப் பார்த்த முக்கியமான ஆய்வு இது.

அதே 1987-இல் டேவிட் உங்கர், ராண்டல் ஸ்மித் இருவரும் செல்ஃப் என்ற மொழியைப் பற்றி எழுதிய கட்டுரை வெளியானது. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் கிளாஸையே ஒழித்துவிட்டார்கள். புதிய ஆப்ஜெக்ட் வேண்டுமா? இருக்கும் ஒன்றை நகலெடுத்துக்கொள்ளலாம். கிளாஸே இல்லாதபோது கிளாஸ் மெத்தடுக்கு எங்கே போவது! 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் இந்த யோசனையைத் தழுவியது. ஆனால் 2015-இல் அதற்கும் கிளாஸ், ஸ்டாட்டிக் ஆகிய சொற்கள் வந்து சேர்ந்தன என்பது வேடிக்கை.

கூட்டலும் கழித்தலும்

1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸ், டாம் லவ் இருவரும் சி மொழியோடு ஸ்மால்டாக்கின் கருத்துக்களைச் சேர்த்து அப்ஜெக்டிவ்-சி மொழியை உருவாக்கினார்கள். அதில் கிளாஸ் மெத்தடுக்கு முன்னால் கூட்டல் குறி, இன்ஸ்டன்ஸ் மெத்தடுக்கு முன்னால் கழித்தல் குறி. அவ்வளவுதான். மறைந்திருந்த பொத்தானைவிட இது எவ்வளவோ மேல். எழுதியதைப் படிக்கும்போதே யாருடைய மெத்தட் என்று தெரிந்துவிடும். நிரல் ஓடும்போது பிழை வந்தாலும், அந்தச் செய்தியிலேயே கூட்டலா கழித்தலா என்று போட்டுக் காட்டும். பல ஆண்டுகள் கழித்து ஐபோன் செயலிகள் எழுத வந்த ஒரு தலைமுறையே இந்த இரண்டு குறிகளைப் பார்த்துத்தான் வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டது.

பூஜ்ய முகவரியில் ஒரு போலி ஆப்ஜெக்ட்

இதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ப்யார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் சி++ மொழியை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்பற்றியது சிமுலாவின் வழியை. ஆகவே கிளாஸ் என்பது ஆப்ஜெக்ட் அல்ல. 1985-இல் வெளியான சி++ மொழியில் ஒரு கிளாஸுக்குள் எழுதும் எல்லா ஃபங்ஷன்களும் இன்ஸ்டன்ஸ் மெத்தட்களாகவே இருந்தன. கூப்பிட ஓர் ஆப்ஜெக்ட் கட்டாயம் வேண்டும்.

ஆனால் எந்த ஆப்ஜெக்டும் தேவைப்படாத ஃபங்ஷனையும் கிளாஸுக்குள் வைக்க நிரலாளர்கள் விரும்பினார்கள். மொழியோ ஆப்ஜெக்டைக் கொண்டுவா என்றது. என்ன செய்தார்கள்? பூஜ்ய முகவரியை எடுத்து, "இதோ இங்கே ஓர் ஆப்ஜெக்ட் இருக்கிறது" என்று கம்பைலரிடம் பொய் சொல்லி, அதன் மேல் ஃபங்ஷனைக் கூப்பிட்டார்கள். ஃபங்ஷன் உள்ளே போய் ஆப்ஜெக்டைத் தொடாதவரை எல்லாம் நன்றாக நடந்தது. யாராவது பின்னாளில் அந்த ஃபங்ஷனை விர்ச்சுவலாக மாற்றினால், இல்லாத ஆப்ஜெக்டைத் தேடிப் போய் நிரல் கவிழும். நேரம் குறித்து வைத்த வெடிகுண்டு மாதிரி!

இந்தத் தந்திரத்தைக் கவனித்ததைப் பற்றி ஸ்ட்ரவுஸ்ட்ரப்பே சி++ வரலாறு குறித்த தன் 1994-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1989-இல் வந்த சி++ 2.0-வில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்கள் சேர்க்கப்பட்டன. ஆப்ஜெக்ட் இல்லாமலே கிளாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

இதில் பெயர்தான் வினையாகிப் போனது. சி மொழியில் ஸ்டாட்டிக் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு அர்த்தங்கள். ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறி தன் மதிப்பை மறக்காமல் வைத்துக்கொள்வது ஒன்று. ஒரு கோப்புக்கு வெளியே தெரியாமல் மறைப்பது இன்னொன்று. இப்போது மூன்றாவதாக, கிளாஸுக்குச் சொந்தமானது என்ற அர்த்தமும் சேர்ந்தது. அகராதியில் ஸ்டாட்டிக் என்றால் அசையாதது. அசையாததற்கும் கிளாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாணவர் கேட்டால், அதற்கு நேர்மையான பதில் "வரலாறு" என்பதுதான்.

நாயும் தூக்கமும்

ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் சன் நிறுவனத்தில் உருவாக்கிய ஜாவா 1995-இல் வெளிவந்தபோது, சி++ மொழியின் இந்தச் சொல்லும் கூடவே வந்தது. அன்றைய ஜாவாவில் கிளாஸுக்கு வெளியே எதையும் எழுத முடியாமல் இருந்தது. நிரல் தொடங்கும் நேரத்திலோ எந்த ஆப்ஜெக்டும் பிறந்திருக்காது. ஆகவே முதலில் ஓடும் மெயின் மெத்தட் ஸ்டாட்டிக்காக இருந்தாக வேண்டியிருந்தது. விளைவு? ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று தெரியும் முன்பே, ஆப்ஜெக்டுக்குச் சொந்தமில்லாத மெத்தடை மாணவர் எழுத வேண்டியதாயிற்று. "ஸ்டாட்டிக் என்றால் என்ன என்று பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்று உலகம் முழுக்க வகுப்பறைகளில் சொல்லப்பட்டது. பலருக்கு அந்தப் "பிறகு" வரவேயில்லை.

இதைவிடப் பெரிய பொறி ஒன்றும் ஜாவாவில் இருக்கிறது. கிளாஸ் மெத்தடை ஓர் ஆப்ஜெக்டின் பெயரைச் சொல்லியும் கூப்பிடலாம்! கம்பைலர் அந்த ஆப்ஜெக்டைக் கண்டுகொள்ளாது. மாறியின் வகை என்ன என்று மட்டும் பார்த்து, கிளாஸின் மெத்தடை ஓடவிடும். அந்த மாறியில் ஆப்ஜெக்டே இல்லாமல் நல் இருந்தால்கூடப் பிழை வராது.

ஜோஷுவா ப்ளாக், நீல் காஃப்டர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஜாவா பஸ்லர்ஸ் புத்தகத்தில் இதற்கு ஒரு புதிர் இருக்கிறது. நாய் என்ற கிளாஸில் குரைக்கும் மெத்தட் இருக்கிறது. குரைக்காத இனமான பசென்ஜி அதன் துணை கிளாஸ். அதில் குரைக்கும் மெத்தடைக் காலியாக எழுதியிருக்கிறார்கள். நாய் வகை மாறிகள் இரண்டில் ஒன்றில் சாதாரண நாயையும் மற்றொன்றில் பசென்ஜியையும் வைத்துக் குரைக்கச் சொன்னால் எத்தனை முறை குரைக்கும்? ஒரு முறை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு முறை குரைக்கும். மெத்தட் ஸ்டாட்டிக் என்பதால் உள்ளே இருப்பது எந்த நாய் என்று யாரும் பார்ப்பதில்லை.

இது புதிர்ப் புத்தகத்தோடு போகிற விஷயமும் அல்ல. ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்க உதவும் த்ரெட் என்ற கிளாஸில் ஸ்லீப் என்ற மெத்தட் இருக்கிறது. அது ஸ்டாட்டிக். இன்னொரு த்ரெடின் பெயரைச் சொல்லி "நீ ஐந்து நொடி தூங்கு" என்று எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தூங்குவது அந்த த்ரெட் அல்ல, அதைச் சொன்ன த்ரெட்! வேலைக்காரரைத் தூங்கச் சொன்ன முதலாளி தானே தூங்கிப்போவது போல. அதே கிளாஸில் இன்டரப்டட் என்பது கிளாஸ் மெத்தட், இஸ்-இன்டரப்டட் என்பது இன்ஸ்டன்ஸ் மெத்தட். முன்னது இப்போது ஓடும் த்ரெடின் நிலையைச் சொல்வதோடு அந்தக் குறியை அழித்தும்விடும். பின்னது பார்த்துச் சொல்வதோடு சரி. பெயரில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம், விளைவிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தப் பொறியை சி ஷார்ப் மொழியில் அடைத்துவிட்டார்கள். ஆப்ஜெக்டின் பெயரைச் சொல்லி ஸ்டாட்டிக் மெத்தடைக் கூப்பிட்டால் அங்கே நேரடியாகப் பிழைதான்.

பைதானின் வெளிப்படையான செல்ஃப்

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைதான் வேறு பாதையில் போனது. மற்ற மொழிகள் எந்த ஆப்ஜெக்ட் என்ற தகவலை மறைவாக உள்ளே அனுப்பும். பைதானில் அது முதல் அளபுருவாக வெளிப்படையாக நிற்கும். அதற்கு செல்ஃப் என்று பெயர் வைப்பது மரபு. கிளாஸ் மெத்தட், ஸ்டாட்டிக் மெத்தட் இரண்டும் 2001 டிசம்பரில் வந்த பைதான் 2.2-இல்தான் சேர்ந்தன. கிளாஸ் மெத்தடுக்கு முதல் அளபுருவாக கிளாஸே போகும்.

இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் இதிலும் ஒரு சங்கடம். செல்ஃப் எழுத மறந்துவிட்டால், "அளபுரு எதுவும் தேவையில்லை, ஆனால் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது" என்ற பொருளில் பிழை வரும். எழுதியவரோ எதையுமே கொடுத்திருக்க மாட்டார்! செல்ஃபை நீக்கிவிடலாம் என்ற யோசனை எழுந்தபோது, அது இருக்கத்தான் வேண்டும் என்று வான் ரோசம் 2008-இல் விளக்கம் எழுதினார்.

ஜாவாவின் பொறி பைதானிலும் உண்டு. ஒருவரின் பிறந்த தேதியை வைத்திருக்கும் ஆப்ஜெக்டிடம் டுடே என்று கேட்டால் பிறந்த நாள் வராது, இன்றைய தேதி வரும். ஏனென்றால் டுடே ஒரு கிளாஸ் மெத்தட். பிழைச் செய்தியும் வராது, தவறான விடை மட்டும் அமைதியாக உள்ளே போய்விடும். கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும், பொருந்தாத ஐந்தொகையைவிடத் தவறாகப் பொருந்திவிட்ட ஐந்தொகைதான் ஆபத்தானது.

மொழிகள் இறங்கி வந்த கதை

1999-இல் மைக்கேல் கோலிங், ஜான் ரோசன்பெர்க் இருவரும் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ப்ளூஜே என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அதில் கிளாஸ்கள் திரையில் பெட்டிகளாகத் தெரியும். ஒரு கிளாஸை அழுத்தினால் ஆப்ஜெக்டை உருவாக்கலாம், கிளாஸ் மெத்தடையும் கூப்பிடலாம். உருவான ஆப்ஜெக்ட்கள் கீழே தனியாக வரிசையில் வந்து நிற்கும். அவற்றை அழுத்தினால் இன்ஸ்டன்ஸ் மெத்தட்கள் வரும். மெயின் எழுதத் தேவையே இல்லை. யாரிடம் கேட்கிறோம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. நம் நாட்டில் ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளி மாணவர்கள் பலர் ஜாவா படித்தது இந்த ப்ளூஜேயில்தான்.

பிறகு வந்த ஸ்காலா மொழியில் ஸ்டாட்டிக் என்ற சொல்லே இல்லை. 2016-இல் 1.0 பதிப்பை எட்டிய காட்லினிலும் இல்லை. கிளாஸுக்குச் சொந்தமானவற்றைத் துணை ஆப்ஜெக்ட் ஒன்றில் வைக்கச் சொன்னார்கள். ஒருவகையில் இது ஸ்மால்டாக்கின் பழைய யோசனையே, மெட்டாகிளாஸின் தலைசுற்றல் இல்லாமல்.

கடைசியாக ஜாவாவும் இறங்கி வந்தது. மெயின் மெத்தட் ஸ்டாட்டிக்காக இருக்கத் தேவையில்லை என்ற மாற்றம் 2023-இல் ஜாவா 21-இல் சோதனையாக வந்து, 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25-இல் நிலைபெற்றது. தொடக்க நிலை மாணவர்களுக்கு வழியை எளிதாக்குவதுதான் அதன் முக்கிய நோக்கம். அதாவது, 1995 முதல் மாணவர்களின் தலையில் ஏற்றி வைத்த சுமை ஒன்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இறக்கி வைக்கப்பட்டது.

இந்த வரலாறு சொல்லும் பாடம் இதுதான். ஒரே இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள் என்றால், விழுகிறவர்களின் கால்களை மட்டும் குறை சொல்லக் கூடாது, தரையையும் பார்க்க வேண்டும். போர்னிங்கும் ஓஷேயும் தரையைப் பார்த்தார்கள். ஸ்ட்ரவுஸ்ட்ரப் நிரலாளர்களின் தந்திரத்தைப் பார்த்து, அவர்களுக்கு எது தேவை என்று புரிந்துகொண்டார். அப்படிப் பார்த்தபோதெல்லாம் மொழிகள் மேம்பட்டிருக்கின்றன.

படிப்பவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. மெத்தடை எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இந்தக் கேள்விக்கு விடை எங்கே இருக்கிறது, பாஸ்புக்கிலா வங்கியிலா? பாஸ்புக்கில் என்றால் இன்ஸ்டன்ஸ் மெத்தட். வங்கியில் என்றால் கிளாஸ் மெத்தட். அதைத் தீர்மானித்த பிறகு ஸ்டாட்டிக் என்று எழுதுவதா, கூட்டல் குறி போடுவதா, துணை ஆப்ஜெக்டில் வைப்பதா என்பதெல்லாம் அந்தந்த மொழியின் வழக்கம், அவ்வளவே.